டிராய்ப் போர்: காவியமும் சரித்திரமும்

பழங்கதை ஒன்றைக் கேட்ட குழந்தை, கதை முடிந்ததும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இது மெய்யாகவே நடந்ததா?" என்பதே அது. பெரியவர்களாகிய நாம் பெரும்பாலும் இரண்டு விடைகளுள் ஒன்றைச் சொல்லித் தப்பித்துக் கொள்கிறோம். "ஆம், எல்லாம் நடந்ததுதான்" என்பது ஒன்று. "எல்லாம் வெறுங்கட்டு" என்பது மற்றொன்று. இரண்டும் எளிய விடைகள். எளியவை என்பதாலேயே அவற்றை ஐயுற வேண்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் நீண்ட வெளியில் சற்று நடந்து பார்க்க விரும்புவோருக்குக் கிரேக்கர்களின் டிராய்ப் போர்க் கதை நல்ல வழித்துணை ஆகும். இந்த ஒரே கேள்வியை அக்கதையைக் குறித்து மனிதர்கள் ஏறத்தாழ 2,500 ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். ஏடுகளை வைத்துக்கொண்டு கேட்டனர். மண்வெட்டி கொண்டு தோண்டிக் கேட்டனர். சுட்ட களிமண் பலகைகளை வாசித்தும் கேட்டனர். அவர்களுக்குக் கிடைத்த விடைகளை இன்று நாம் வரிசையாக எண்ணிப் பார்ப்போம்.

முதலில் கதையைச் சுருக்கமாக நினைவு கூர்வோம். ஸ்பார்ட்டா நாட்டு அரசன் மெனலாஸ் என்பவனுடைய மனைவி ஹெலன், பேரழகி. ஆசியக் கரையிலிருந்த டிராய் நகரத்து அரசன் பிரியாமின் மகன் பாரிஸ் விருந்தினனாக வந்து, அவளைத் தன் நாட்டுக்குக் கொண்டு சென்றான். மெனலாஸின் தமையனும் மைசீன் நகரின் தலைவனுமான அகமெம்னான், கிரேக்க நாட்டு மன்னர்கள் அனைவரையும் திரட்டிக் கடல் கடந்து சென்று டிராயை முற்றுகையிட்டான். முற்றுகை பத்து ஆண்டுகள் நீடித்தது. இறுதியில் மரக்குதிரை ஒன்றின் வயிற்றில் வீரர்களை ஒளித்து வைத்து, வஞ்சனையால் நகரைப் பிடித்து எரித்தனர் கிரேக்கர்.

இக்கதை முழுவதும் ஹோமரின் இலியட் காவியத்தில் இருப்பதாகவே பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. 24 காண்டங்களும் 15,000க்கு மேற்பட்ட அடிகளும் கொண்ட அப்பெருங்காவியம், பத்தாம் ஆண்டுப் போரின் சில வாரங்களை மட்டுமே பாடுகிறது. மாவீரன் அக்கிலீஸின் சினத்தில் தொடங்கும் காவியம், எதிரியான ஹெக்டரின் ஈமச் சடங்கோடு முடிந்து விடுகிறது. ஹெலன் சென்ற நிகழ்ச்சி அதில் நேரே விவரிக்கப்படவில்லை, மரக்குதிரையும் இல்லை, நகரம் எரிந்த காட்சியும் இல்லை. குதிரையைப் பற்றி ஹோமரின் மற்றொரு காவியமான ஒடிசி குறிப்பிடுகிறது. எஞ்சிய பகுதிகளை வேறு புலவர்கள் தனித்தனிக் காவியங்களாகப் பாடினர். அவை மறைந்து போய், அவற்றின் சுருக்கங்களும் சிதறிய சில அடிகளுமே நமக்குக் கிடைத்துள்ளன. நாம் இன்று விரிவாக அறிந்திருக்கும் குதிரைக் கதை, பல நூற்றாண்டுகளுக்குப் பின் இலத்தீன் மொழியில் வர்ஜில் என்னும் ரோமானியக் கவிஞர் பாடியது. ஆகவே டிராய்ப் போர் என்பது ஒரு நூலின் செய்தியன்று. பல காலத்துப் பல வாய்களில் வளர்ந்த செய்தி.

கிரேக்கர்கள் இக்கதையை அப்படியே நம்பி வந்தனர் என்று கருதுவதும் பொருந்தாது. போர் ஒன்று நடந்தது என்பதை அவர்களுள் பெரும்பாலோர் ஐயுறவில்லை. ஆனால் ஹோமர் சொன்னபடிதான் நடந்ததா என்று அவர்கள் துணிந்து கேட்டனர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவரும், சரித்திரத்தின் தந்தை என்று போற்றப்படுபவருமான ஹெரோடோட்டஸ், எகிப்து நாட்டுக்குச் சென்று அங்குள்ள கோயிற் பூசாரிகளிடம் இதனை விசாரித்தார். ஹெலன் டிராய்க்குப் போகவே இல்லை என்றும், பாரிஸின் கப்பல் காற்றில் திசை மாறி எகிப்தை அடைந்தபோது அந்நாட்டு மன்னன் அவளைத் தன் பாதுகாவலில் நிறுத்திக் கொண்டான் என்றும் அவர்கள் கூறினர். ஹெரோடோட்டஸ் அதனை ஏற்றார். அவர் காட்டிய காரணம் சிந்தனைக்குரியது. ஹெலன் நகருக்குள் இருந்திருந்தால், பெற்ற பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மடிவதைக் கண்ட பிரியாம் அவளைத் திருப்பிக் கொடுத்திருப்பானே! கொடுக்காததற்குக் காரணம், கொடுக்க அவள் அங்கே இல்லாததுதான்; இல்லை என்று டிராய் மக்கள் சொன்ன உண்மையைக் கிரேக்கர் நம்பவில்லை. ஹோமருக்கும் இந்த வரலாறு தெரியும், ஆனால் காவியத்துக்கு ஏற்றதன்று என்று விட்டுவிட்டார் என்பது ஹெரோடோட்டஸின் கருத்து. இல்லாத ஒருத்திக்காகப் பத்தாண்டுப் போர் என்னும் இந்த எண்ணத்தை யூரிப்பிடீஸ் கி.மு. 412இல் நாடகமாகவே அரங்கேற்றினார்.

அடுத்த தலைமுறையைச் சேர்ந்த தூசிடைடீஸ் கணக்குப் பார்ப்பவர். கடற்படைத் தலைவராகவும் இருந்தவர். இலியட்டில் கிரேக்கக் கப்பல்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 1,186 கப்பல்கள் எண்ணப்படுகின்றன. அதனைச் சற்றேறக்குறைய 1,200 என்று கொண்டார் தூசிடைடீஸ். பெரிய கப்பலில் 120 பேர், சிறிய கப்பலில் 50 பேர் என்று ஹோமரே கூறுகிறார். இரண்டுக்கும் நடுவே ஒரு தொகையை எடுத்துக் கணக்கிட்டால், கிரேக்க நாடு முழுவதும் சேர்ந்து அனுப்பிய படைக்கு அது பெரிதன்று என்பது அவர் முடிவு. நாமே பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 1,00,000 பேர் வருகின்றனர். படை சிறுத்ததற்கு ஆள் பஞ்சம் காரணமன்று, பணப் பஞ்சமே காரணம் என்கிறார் அவர். உணவு போதாமையால் படையில் ஒரு பகுதி எதிர்க்கரையில் பயிர் செய்யவும், மற்றொரு பகுதி சுற்றுப்புறத்தைக் கொள்ளையிடவும் சென்றது; அதனாலேயே முற்றுகை பத்தாண்டு நீண்டது. மன்னர்கள் திரண்டதும் ஹெலனின் தந்தைக்குக் கொடுத்த சத்தியத்தால் அன்று. அகமெம்னானின் கடற்படை வலிமைக்கு அஞ்சியே என்பதும் அவர் கணிப்பு. தேவர்களும் அழகியும் நிறைந்த கதையில் அரிசி மூட்டையையும் கருவூலத்தையும் தேடிய முதல் அறிஞர் அவர் எனலாம்.

தூசிடைடீஸ் கூறிய மற்றோர் எச்சரிக்கையை இன்றும் மறத்தலாகாது. மைசீன் இன்று சிற்றூராய் இருப்பதைக் கண்டு அதன் பழம்பெருமையைப் பொய்யென்று தள்ளிவிடாதீர்கள் என்றார் அவர். ஸ்பார்ட்டா ஒருநாள் பாழாகிக் கோயில்களும் அடித்தளங்களும் மட்டும் எஞ்சினால், அது இவ்வளவு வலிமை படைத்திருந்தது என்று வருங்காலத்தார் நம்பமாட்டார்கள். ஏதென்ஸ் அப்படிப் பாழானால் அதன் கட்டடங்களைக் கண்டு அதன் வலிமையை இருமடங்காக எண்ணிவிடுவார்கள். கல்லைக் கண்டு ஆற்றலை அளப்பதில் உள்ள இடர்ப்பாட்டை, அகழ்வாராய்ச்சி என்ற துறை பிறப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் உணர்ந்திருந்தார்.

போர் எப்போது முடிந்தது என்று ஆண்டு குறிக்கவும் கிரேக்கர் முற்பட்டனர். அலெக்சாண்டிரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரடாஸ்தனீஸ், இன்றைய கணக்கில் கி.மு. 1184 என்று குறித்தார். வேறு சிலர் வேறு ஆண்டுகளைக் கூறினர். முற்றும் மறுத்தவர்களும் இருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த டியோ கிரிசாஸ்டம் என்னும் சொற்பொழிவாளர், டிராய் வீழவே இல்லை, தோற்றவர்கள் கிரேக்கர்களே என்று நீண்டதொரு சொற்பொழிவில் வாதாடினார். நேரில் கண்டவர்கள் எழுதிய குறிப்புகள் என்று டிக்டிஸ், டேரஸ் என்ற இருவர் பெயரில் நூல்களும் தோன்றின. இரண்டும் பிற்காலத்துப் புனைவுகள். எனினும் ஐரோப்பா இடைக்காலம் முழுவதும் ஹோமரைத் தள்ளிவிட்டு அப்போலிச் சாட்சிகளையே நம்பியது. 'நானே கண்டேன்' என்று சொல்பவனிடம் மனிதர் எளிதில் மயங்குவது இன்று நேற்று தொடங்கியதன்று.

நேயர்களே, இக்கதைக்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பு ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். இந்தியர்கள் ஹோமரின் காவியத்தைத் தம் மொழியில் பெயர்த்துப் பாடுகின்றனர் என்றும், பிரியாமின் துயரமும் அக்கிலீஸ், ஹெக்டர் ஆகியோரின் வீரமும் அவர்களுக்குத் தெரியும் என்றும் அதே டியோ எழுதியிருக்கிறார். மகாபாரதத்தைப் பற்றிய செய்தி எவ்வாறோ அவர் காதுக்கு எட்டியிருக்க வேண்டும் என்றும், அதனை ஹோமரின் மொழிபெயர்ப்பு என்று அவர் கருதிவிட்டார் என்றும் அறிஞர் சிலர் ஊகிக்கின்றனர். டிராய்க் கதை நம் எல்லையை எட்டியதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. காந்தாரச் சிற்பம் ஒன்று இப்போது லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய குதிரை ஒன்றின் மார்பில் ஒருவன் ஈட்டியை ஊன்றுகிறான். நகர வாயிலில் ஒரு பெண் இரு கைகளையும் உயர்த்தித் தடுக்கிறாள். புத்தர் சிற்பங்களைச் செதுக்கிய கைகள் டிராய்க் குதிரையையும் செதுக்கியிருக்கின்றன.

கதை மெய்யா என்று அறிஞர் ஆராய்ந்து கொண்டிருக்கையில், அரசர்கள் அதனைத் தத்தம் தேவைக்குப் பயன்படுத்திக் கொண்டனர். கி.மு. 480இல் கிரேக்க நாட்டின்மீது படையெடுத்துச் சென்ற பாரசீக மன்னன் செர்க்சஸ், வழியில் டிராய்க் குன்றின்மீது ஏறி அங்குள்ள தேவிக்கு ஆயிரம் மாடுகளைப் பலியிட்டான் என்கிறார் ஹெரோடோட்டஸ். கி.மு. 334இல் பாரசீகத்தின்மீது படையெடுத்த அலெக்சாண்டர், அதே இடத்தில் அக்கிலீஸின் சமாதி என்று கூறப்பட்ட மேட்டுக்கு மலர் சூட்டினான். ஜூலியஸ் சீசரின் குடும்பம், எரியும் டிராயிலிருந்து தப்பிய ஈனியஸின் வழி வந்தது என்று பெருமை பேசியது. 1462இல் அங்கே வந்த துருக்கிய சுல்தான் இரண்டாம் முகம்மது, அந்நகரத்தாரின் பழியைத் தான் தீர்த்துவிட்டதாகக் கூறினார் என்று அக்காலத்துக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்தார். ஒரே கதையைக் காட்டி, கிழக்கிலிருந்து மேற்கே சென்றவனும் மேற்கிலிருந்து கிழக்கே வந்தவனும் தத்தம் வாளுக்கு நியாயம் தேடினர். பழங்கதையின் உண்மையை ஆராய்வது ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு மட்டுமன்று என்பது இதனால் விளங்கும். கதையை எவரும் ஆராயாமல் விட்டுவிட்டால், அதனை முதலில் எடுத்துக்கொள்பவன் படை நடத்துபவனே.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். கிரேக்க வரலாற்றைப் பல தொகுதிகளாக 1846 முதல் வெளியிட்ட ஆங்கிலேய அறிஞர் ஜார்ஜ் குரோட், டிராய்ப் போரைக் கட்டுக்கதைப் பகுதியில் சேர்த்துவிட்டு, முதல் ஒலிம்பிக் விளையாட்டு நடந்த கி.மு. 776இலிருந்தே சரித்திரத்தைத் தொடங்கினார். சான்று இல்லாத இடத்தில் சரித்திரம் இல்லை என்பது அவர் கொள்கை.

அதற்கு எதிராகக் கிளம்பியவர் ஹைன்ரிஷ் ஷ்லீமன் என்னும் ஜெர்மானிய வணிகர். துருக்கியின் வடமேற்கு மூலையில், டார்டனெல்ஸ் ஜலசந்தியின் வாயிலுக்கு அருகே ஹிசார்லிக் என்னும் குன்று இருக்கிறது. கோட்டை இருக்கும் இடம் என்பது அப்பெயரின் பொருள். அதுவே டிராய் என்று 1822இலேயே சார்லஸ் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுதினார். குன்றின் ஒரு பகுதிக்கு உரிமையாளராக இருந்த பிராங்க் கால்வெர்ட் என்பவர் 1860களில் அங்கே தோண்டியும் பார்த்தார்; ஷ்லீமனுக்கு வழி காட்டியவர் அவரே. ஆனால் புகழ் முழுவதும் ஷ்லீமனையே சேர்ந்தது. 1870இல் தொடங்கி, குன்றின் நடுவே பெரும் பள்ளம் ஒன்றை வெட்டிக்கொண்டு ஆழத்துக்குச் சென்றார் அவர். 1873இல் பொன்னணிகளும் பாத்திரங்களும் அடங்கிய குவியல் ஒன்று கிடைத்தது. அதற்குப் பிரியாமின் புதையல் என்று பெயர் சூட்டி, துருக்கி அரசுக்குத் தெரியாமல் நாட்டை விட்டுக் கொண்டு சென்றார். அருகிலிருந்து உதவியவள் தம் மனைவி என்று எழுதினார். அந்நாளில் அந்த அம்மையார் ஏதென்ஸில் இருந்தார்.

அப்புதையல் பிரியாமின் காலத்தது அன்று. ஹோமரின் போர் நடந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. குன்றில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது நகரங்களின் அடுக்குகள் உள்ளன. அடியிலுள்ள நகரம் ஏறத்தாழ கி.மு. 3000 ஆண்டளவினது. பொன் கிடைத்தது அடியிலிருந்து இரண்டாவது அடுக்கில். அதனை அடையும் அவசரத்தில், தாம் தேடி வந்த காலத்து அடுக்குகளின் ஒரு பகுதியையே ஷ்லீமன் வெட்டி எறிந்துவிட்டார். காவியத்தை வழிகாட்டியாகக் கொண்டு அவர் நகரைக் கண்டுபிடித்தது மெய்யே. அதே காவியம் அவர் கண்ணை மறைத்ததும் மெய்யே. அப்பொற்குவியல் பெர்லினில் வைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின் முடிவில் 1945இல் மறைந்து, 1996இல் மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது. டிராயின் பொருள்கள் இன்றும் போரில் கைமாறியே வந்திருக்கின்றன.

ஷ்லீமனுக்குப் பின் வந்தவர்கள் பொறுமையோடு பணியாற்றினர். வில்ஹெல்ம் டெர்ப்பெல்ட் 1893, 1894 ஆகிய ஆண்டுகளில் ஆறாம் அடுக்கின் உயர்ந்த மதில்களையும் கோபுரங்களையும் வெளிப்படுத்தினார். அங்கே மைசீன் பாணி மட்பாண்டங்கள் கிடைத்தமையால் ஹோமரின் டிராய் இதுவே என்றார். 1932 முதல் 1938 வரை தோண்டிய அமெரிக்கர் கார்ல் பிளேகன் அதனை மறுத்தார். ஆறாம் நகரம் ஏறத்தாழ கி.மு. 1300இல் அழிந்தது பூகம்பத்தால் என்றும், அடுத்த அடுக்கே பகைவரால் எரிக்கப்பட்டது என்றும் அவர் கூறினார். அந்த அடுக்கில் மதிலுக்குள் நெருக்கமாகச் சிறு வீடுகள், தரையில் புதைக்கப்பட்ட பெரிய தானியத் தாழிகள், தீயின் கரி, மனித எலும்புகள் ஆகியவை காணப்பட்டன. முற்றுகைக்கு அஞ்சிய ஊரின் தோற்றம் அது. அது அழிந்த காலம் ஏறத்தாழ கி.மு. 1180.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. மைசீன், பைலாஸ் முதலிய கிரேக்க அரண்மனைகள் ஏறத்தாழ கி.மு. 1200இல் எரிந்து வீழ்ந்தன. தம் அரண்மனைகளே சாம்பலான பின், கிரேக்க மன்னர்கள் ஒன்று திரண்டு ஆயிரம் கப்பலோடு புறப்பட்டது எங்ஙனம்? முந்திய நகரத்தை எடுத்துக்கொண்டால் கிரேக்கருக்கு வலிமை உண்டு, அழித்தது பூகம்பம் எனப்படுகிறது. பிந்திய நகரத்தை எடுத்துக்கொண்டால் பகைவர் உண்டு, கிரேக்கருக்கு வலிமை இல்லை. கதையோடு முற்றும் பொருந்தும் அடுக்கு என்று ஒன்றையும் மண் காட்டவில்லை.

1988 முதல் 2005இல் தாம் மறையும் வரை ஆராய்ச்சியை நடத்திய மன்பிரட் கார்ப்மன், குன்றின் அடிவாரத்தில் புறநகர் ஒன்றும், பாறையில் வெட்டிய அகழியும் இருந்தமையைக் கண்டறிந்தார். குன்றின் மேலுள்ள கோட்டை மட்டுமே நகரம் என்று கருதப்பட்டது போய், பல்லாயிரம் பேர் வாழ்ந்த வணிக நகரம் என்ற கருத்து எழுந்தது. அவர் மிகைப்படுத்துகிறார் என்று பிராங்க் கோல்ப் என்ற வரலாற்றாசிரியர் 2001இல் வெளிப்படையாகக் கண்டித்தார். ஜெர்மானியச் செய்தித்தாள்களில் எல்லாம் அவ்வாதம் கொழுந்து விட்டு எரிந்தது.

மண்வெட்டி இவ்வளவு சொல்லியது. இனி எழுத்து சொல்வதைக் கேட்போம். துருக்கியின் நடுப்பகுதியில், ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹட்டூசாவில் 1906இல் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் வெளிப்பட்டன. அவற்றின் மொழியை 1915இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி படித்தறிந்தார். மேற்குக் கடற்கரைப் பக்கத்தில் விலுசா என்றொரு சிற்றரசு இருந்தது என்று அவை கூறுகின்றன. கடலுக்கு அப்பால் அஹ்ஹியவா என்னும் வலிய அரசு ஒன்று இருந்ததும் தெரிகிறது. ஹோமர் டிராயை இலியாஸ் என்ற பெயராலும், கிரேக்கரை அக்கேயர் என்ற பெயராலும் அழைக்கிறார். இலியாஸ் என்னும் சொல்லின் முதலில் பழங்காலத்தில் 'வ' ஓசை இருந்தது என்பதை ஹோமரின் யாப்பே காட்டிக் கொடுக்கிறது. பின்வந்த கிரேக்க மொழியில் அவ்வோசை தேய்ந்து மறைந்தது. ஆக, விலுசா என்பதே விலியாஸ், அதுவே இலியாஸ். அஹ்ஹியவா என்பதே அக்கேயர் நாடு. 1924இல் எமில் பாரர் என்ற அறிஞர் அஹ்ஹியவா அக்கேயர் நாடே என்று எழுதியபோது எதிர்ப்பு மிகுந்தது. 1998இல் டேவிட் ஹாக்கின்ஸ் என்பவர் காரபெல் கணவாயிலுள்ள கல்வெட்டு ஒன்றைப் படித்து வெளியிட்ட பின், அண்டை அரசுகளின் இடங்கள் தெளிவாகி, விலுசாவுக்கு வடமேற்கு மூலையே எஞ்சி நின்றது.

வேற்று மொழி வழங்கும் ஊர்களில் குடியிருக்கும் நமக்குப் பெயர்கள் இவ்வாறு உருமாறுவது வியப்பாகத் தோன்றாது. தமிழ் என்னும் பெயரே இங்கெல்லாம் தமில் என்று ஒலிப்பதை நாள்தோறும் கேட்கிறோம். நம் பெயர்கள் வேற்றெழுத்தில் ஏறும்போது ழகரத்தை இழக்கின்றன, குறில் நெடிலாகிறது. ஆயினும் ஆள் மாறுவதில்லை. அதே சமயம், மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் எச்சரிக்கையும் கற்றிருக்கிறோம். இரண்டு ஆவணங்களில் ஒரே பெயர் இருந்தால் ஒரே ஆள் என்று முடிவு கட்டுவதில்லை. ஊரும், காலமும், தகப்பன் பெயரும், தொழிலும் ஒத்து வருகின்றனவா என்று பார்த்த பின்பே ஒப்புக்கொள்கிறோம்.

அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். ஏறத்தாழ கி.மு. 1280இல் ஹிட்டைட் பேரரசன் முவத்தல்லி, விலுசா அரசன் அலக்சாந்து என்பவனோடு செய்துகொண்ட ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. பாரிஸுக்கு அலெக்சாண்டிராஸ் என்று மற்றொரு பெயர் உண்டு. ஊர் ஒத்து வருகிறது. பெயரும் ஒத்து வருகிறது. காலமும் வெகு தூரம் விலகவில்லை. ஆனால் அலக்சாந்து அரசன். பாரிஸ் அரச குமாரன் மட்டுமே. முன்னிருந்த அரசனாக ஒப்பந்தம் குறிப்பிடுவது குக்குன்னி என்பவனை, பிரியாமை அன்று. கடத்தி வந்த ராணியைப் பற்றிப் பேச்சே இல்லை. பேரரசனுக்குப் படைத்துணை அனுப்ப வேண்டிய கடமைகளைத்தான் அந்த ஏடு விரிக்கிறது. ஆகவே இருவரும் ஒருவரே என்று கையெழுத்திட நமக்கு மனம் வராது. டிராய் நகரில் கிரேக்கப் பெயரோ அதை ஒத்த பெயரோ தாங்கிய ஓர் அரசன் இருந்தான் என்ற அளவே ஒப்புக்கொள்ளத்தக்கது.

மற்றொரு கடிதம் இதனினும் சுவையானது. ஹிட்டைட் பேரரசன் ஒருவன், ஏறத்தாழ கி.மு. 1250இல், அஹ்ஹியவா மன்னனைத் தனக்கு நிகரான சகோதரன் என்று விளித்து எழுதுகிறான். விலுசாவின் பொருட்டு நமக்குள் ஏற்பட்டிருந்த பிணக்கு தீர்ந்துவிட்டதே என்று அதில் நினைவூட்டுகிறான். அங்கே ஆளப்பட்டிருக்கும் வினைச்சொல் போரையும் குறிக்கலாம், வழக்கையும் குறிக்கலாம். பலகையும் சிதைந்திருக்கிறது. ஒரு சொல்லின் பொருளில் ஒரு மகாயுத்தம் தொங்கிக் கொண்டிருக்கும் நிலை அது. பின்னொரு கடிதத்தில் வல்மு என்ற விலுசா மன்னன் அரியணை இழந்து, அவனை மீட்டும் அமர்த்த ஏற்பாடு நடந்த செய்தி காணப்படுகிறது.

கிரேக்கப் பக்கத்து எழுத்தும் உண்டு. கிரீட் தீவிலும் பைலாஸ் அரண்மனையிலும் கிடைத்த களிமண் பலகைகளை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர் படித்துக் காட்டினார். அவை பழைய கிரேக்க மொழியே. காவியத்தைத் தேடியவர்களுக்கு அங்கே காத்திருந்தவை ஆட்டுக் கணக்கு, எண்ணெய்க் கணக்கு, தேர்ச் சக்கரக் கணக்கு ஆகியவைதாம். அக்கிலீஸ், ஹெக்டர் என்ற பெயர்களும் அவற்றில் வருகின்றன. ஆனால் மாவீரர்களாக அன்று, சாமானிய மனிதர்களாக.

அந்த அரண்மனைகள் வீழ்ந்தபின் கிரேக்கர் எழுதும் வழக்கத்தையே ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் மறந்திருந்தனர். கதையைச் சுமந்து வந்தவர்கள் பாணர்கள். மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் 1930களில் யூகோஸ்லாவியாவாக இருந்த நாட்டின் சிற்றூர்களில் பாணர்களின் பாட்டைப் பதிவு செய்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வழிவழி வந்த தொடர்களைக் கொண்டு பல்லாயிரம் அடிகள் பாட இயலும் என்று காட்டினார். ஹோமரின் நடையும் அத்தகைய தொடர்களாலேயே நெய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வந்த இந்தப் பாட்டில் பழையதும் புதியதும் கலந்து கிடப்பதில் வியப்பில்லை. காட்டுப் பன்றியின் தந்தங்களைத் தைத்த தலைக்கவசம் ஒன்றை இலியட் வர்ணிக்கிறது. ஹோமர் காலத்தில் அது வழக்கில் இல்லை. மைசீன் கல்லறைகளிலோ அதன் துண்டுகள் கிடைத்துள்ளன. ஆனால் இறந்தவரை எரிப்பதாகக் காவியம் பாடுகிறது. மைசீன் மக்களோ பெரும்பாலும் புதைத்தனர். தேரைக் கொண்டு போர் புரியும் முறையைப் பாணர் மறந்துவிட்டனர். வீரர்களைக் களத்தில் இறக்கிவிடும் வண்டியாக மட்டும் அதனைப் பாடுகின்றனர். அரண்மனையில் களிமண்ணில் கணக்கெழுதிய எழுத்தர் கூட்டத்தைக் காவியம் அறியவே அறியாது.

இவ்வளவையும் நிறுத்துப் பார்த்தால் கிடைப்பது என்ன? டிராய் என்றொரு நகரம் இருந்தது. அது மதில் சூழ்ந்த செல்வ நகரம். ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழிந்தது. அந்நகரை ஒட்டிக் கிரேக்க அரசு ஒன்றுக்கும் ஹிட்டைட் பேரரசுக்கும் பிணக்கு இருந்தது. இவை உறுதி. பல தலைமுறைகளில் நடந்த பல சிறு போர்களைப் பாணர்கள் ஒரே பெரும்போராகத் திரட்டிவிட்டனர் என்பது பொருத்தமான ஊகம். ஆயிரம் கப்பல்களும், பத்தாண்டு முற்றுகையும், மரக்குதிரையும், ஹெலனும் சரித்திரச் சான்று அற்றவை. உறுதியை ஊகத்தோடும் ஊகத்தைக் கற்பனையோடும் கலக்காமல் வைத்துக்கொள்வதே இந்த நெடிய ஆராய்ச்சி நமக்கு அளிக்கும் பயிற்சி.

ஆனால் காவியம் பொய்யாகாத இடம் ஒன்றும் இருக்கிறது. பைலாஸ் கணக்குப் பலகைகளில், அரண்மனையில் நூல் நூற்கவும் மாவு அரைக்கவும் அமர்த்தப்பட்ட பெண்களின் பட்டியல்கள் உள்ளன. எத்தனை பெண்கள், அவர்களோடு எத்தனை குழந்தைகள், எவ்வளவு தானியம் என்று எழுத்தர் குறித்திருக்கிறார். மிலேட்டஸ், நிடஸ், லெம்னாஸ் என்று அவர்களுடைய ஊர்ப் பெயர்களும் உண்டு. எல்லாம் கடலுக்கு அப்பாலுள்ள ஆசியக் கரையையும் அதை அடுத்த தீவுகளையும் சேர்ந்தவை. அவர்கள் எவ்வாறு வந்தனர் என்று கணக்கு சொல்லவில்லை, ஊகிப்பது அரிதன்று. இலியட் தொடங்குவதே அத்தகைய கடலோர ஊர்களிலிருந்து கவர்ந்து வரப்பட்ட பெண்கள் இருவரைப் பற்றிய சச்சரவில்தான். ஹெலனுக்குச் சான்றில்லை. பெயரற்ற இப்பெண்களுக்குச் சான்று களிமண்ணில் இருக்கிறது.

கிரேக்கர்களுள் மனச்சாட்சி உடையவர்கள் இதனை அறிந்திருந்தனர். கி.மு. 416இல் ஏதென்ஸ் நகரத்தார் மீலாஸ் என்னும் சிறு தீவைப் பிடித்து, ஆடவரைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றனர். அடுத்த ஆண்டு வசந்த விழாவில் அதே ஏதென்ஸ் மக்களின் முன்னிலையில் யூரிப்பிடீஸ் 'டிராய்ப் பெண்கள்' என்ற நாடகத்தை அரங்கேற்றினார். வென்றவர்களின் கப்பலுக்காகக் காத்திருக்கும் கைம்பெண்களைத் தவிர அதில் வேறு கதை இல்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தியது என்று சொல்லப்பட்ட போரைக் காட்டி, சில மாதங்களுக்கு முன் நடந்ததை அவர்கள் கண்முன் நிறுத்தினார். அரசர்கள் வாளுக்கு நியாயம் தேடிய அதே கதையில், இக்கவிஞர் வாளை விசாரிக்கும் நியாயத்தைக் கண்டார்.

ஹோமரும் அவ்வழியிலேயே தம் காவியத்தை முடிக்கிறார். கிழவனான பிரியாம் இரவில் தனியே பகைவர் பாசறைக்குச் சென்று, தன் மகனைக் கொன்ற அக்கிலீஸின் கைகளை முத்தமிட்டு, மகனின் உடலைக் கேட்கிறான். ஊரில் தனக்காகக் காத்திருக்கும் தந்தையை எண்ணி அக்கிலீஸும் அழுகிறான். துக்கத்திற்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்கிறான். ஒன்பது நாள் அழுவோம், பத்தாம் நாள் எரியூட்டுவோம், பதினோராம் நாள் மேடு எழுப்புவோம், போர் புரிந்தே தீர வேண்டுமானால் பன்னிரண்டாம் நாள் புரிவோம் என்கிறான் பிரியாம். அதுவரை படை நகராது என்று அக்கிலீஸ் வாக்களிக்கிறான். ஹெக்டரின் ஈமச் சடங்கோடு காவியம் நின்றுவிடுகிறது. பன்னிரண்டாம் நாளைப் பற்றி ஹோமர் ஓர் அடியும் பாடவில்லை.